ஊசி குத்துமுன்பே தொடங்கும் கழிவு: திருகோணமலை ஆய்வுகூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகருக்குள் இயங்கும் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தைப் பற்றிய பதிவு இது. நான் அங்கே எம்.எல்.ரி.யாக, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக, வேலை செய்கிறேன். ஆய்வுகூடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அளவைச் சொன்னால் போதும்: இரத்தம், சிறுநீர், உயிர் இரசாயனம், ஹோர்மோன் பரிசோதனைகள், அதோடு பின்பக்கமாக சின்னதாய் ஒரு திசுப் பரிசோதனை அறை. கிழமையில் சில நாட்கள் நோயியல் நிபுணர் வந்து சிலைட் பார்ப்பார். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் மாதிரி சேகரிக்கும் இடங்கள் இருக்கின்றன, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் இரத்தம் வரும்.

லாப்பைச் சூழலுக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும் என்ற பேச்சை எடுத்தது உரிமையாளர்தான். "பிள்ளை, கூரை முழுக்க சோலர் போட்டால் முடிஞ்சுதுதானே" என்றார். சோலர் நல்லதுதான், திருகோணமலை வெயிலுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் காசைப் போடுவதற்கு முன்னால் எங்கள் லாப்பால் சூழலுக்கு வரும் பாதிப்பு உண்மையில் எங்கேயிருந்து வருகிறது என்று ஒருக்கா பார்ப்போம் சேர் என்று கேட்டேன். அவர் சம்மதித்தார். அந்தப் பார்வையில் கண்டதும், அதற்குப் பிறகு மாற்றியதும், மாற்ற முடியாமல் நிற்பதும்தான் கீழே இருக்கிறது.

எங்கே பார்ப்பது

சுகாதாரத் துறையின் பங்கு உலகப் பசுங்குடில் வாயு வெளியீட்டில் ஏறக்குறைய 4.4 சதவீதம் என்று ஹெல்த் கெயார் விதவுட் ஹார்ம் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் ஆய்வுகூடம் எவ்வளவு? ஒரு பரிசோதனைக்கு எவ்வளவு? மெல்பேர்னில் இரண்டு மருத்துவமனைகளை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பரிசோதனை பரிசோதனையாகக் கணக்கிட்டிருக்கிறது. ஒரு எப்.பி.சி.க்கு (முழு இரத்தக் கணக்கு) காபனீரொக்சைட்டுக் கணக்கில் 116 கிராம். யூரியாவும் இலெக்ட்ரோலைட்டும் சேர்ந்தால் 99 கிராம். இரத்தம் உறையும் நேரம் பார்க்கும் பரிசோதனைகளுக்கு 82. இரத்த வாயுப் பரிசோதனைக்கு 49. உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சீ.ஆர்.பி.க்கு வெறும் அரைக் கிராம்!

அந்த அரைக் கிராமைப் பார்த்துத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சீ.ஆர்.பி.க்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்றால், ஏற்கெனவே எடுத்துவிட்ட இரத்தத்தில் அதையும் சேர்த்துச் செய்வதாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக ஊசி இல்லை, சிரிஞ்ச் இல்லை, ரியூப் இல்லை, கையுறை இல்லை, பஞ்சு இல்லை. மெஷினுக்குள் போகும் ரீஏஜன்ட்டும் (பரிசோதனை இரசாயனம்) கரண்டும் சொற்பம். மற்றப் பரிசோதனைகளிலும் பெரும் பங்கு மாதிரி எடுக்கும் வேலையில்தான் போகிறது: எப்.பி.சி.யில் ஏறக்குறைய 60 சதவீதம், உறைதல் பரிசோதனையில் 95 சதவீதம் வரை.

நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. ஏ.சி.தான் பெரிய கள்ளன், அதற்கடுத்து கிருமிக் கழிவு போடும் மஞ்சள் பை என்று நினைத்திருந்தோம். மெல்பேர்ன் எங்கே, எங்கள் ஊர் எங்கே, அங்கத்தைய கிராம் கணக்கை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாதுதான். ஆனாலும் திசை தெளிவாகத் தெரிந்தது. ஒரு பரிசோதனையின் சுமை நோயாளியின் கையில் ஊசி ஏறும் இடத்தில்தான் கூடுகிறது, அந்த ஊசி தேவையா என்ற கேள்வி அதற்கும் முன்னால் டொக்டரின் மேசையில் இருக்கிறது. லாப்பின் சுவருக்குள் நின்று மட்டும் இதைச் சரிப்படுத்த முடியாது.

படிவம்

ஆகவே முதலில் பார்த்தது மெஷினை விட்டு, பரிசோதனைக் கோரிக்கைப் படிவத்தை. எங்கள் படிவத்தில் காய்ச்சலுக்கு என்று ஒரு தொகுதிப் பெட்டி அச்சடித்திருந்தது. அதில் ஒரு சரி போட்டால் எப்.பி.சி., ஈ.எஸ்.ஆர். (இரத்தப் படிவு வேகம்), சீ.ஆர்.பி., சிறுநீர், எல்லாம் ஒன்றாக வந்துவிடும். டொக்டர்மாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓ.பி.டி. நேரத்தில் வெளியே ஐம்பது பேர் இருமிக்கொண்டு நிற்கும்போது ஒரு சரி போடுவதா நாலு சரி போடுவதா என்றால் யாரும் ஒன்றைத்தான் போடுவார்கள். படிவம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பரிசோதனையும் வரும்.

அந்தத் தொகுதிப் பெட்டியை எடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அச்சடித்தோம். கீழே ஒரு வரி சேர்த்தோம்: காய்ச்சல் எத்தனையாம் நாள், முன்பு இதே பரிசோதனை எப்போது செய்தது. நோயியல் நிபுணர் ஒரு பக்க விதி எழுதிக் கையெழுத்து வைத்தார். அதில் முக்கியமானவை இவை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அதில் ஒட்டிய சீனியை வைத்துச் சில மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சீ.யை மூன்று மாதத்துக்குள் திரும்பச் செய்வதில் பொதுவாகப் பலன் இல்லை. தைரொயிட் மருந்தின் அளவை மாற்றினால் ரீ.எஸ்.எச். ஹோர்மோன் நிலைக்கு வர ஆறு முதல் எட்டுக் கிழமை எடுக்கும். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களுக்குத்தான் பயன். ஒருமுறை பொசிற்றிவ் என்று வந்த பிறகு நாளைக்கும் அதைச் செய்யத் தேவையில்லை. இங்கிலாந்தின் றோயல் கொலிஜ் ஒஃப் பத்தோலஜிஸ்ட்ஸ் 2021இல் புதுப்பித்த மீள்பரிசோதனை இடைவெளிப் பட்டியலிலும் இதே மாதிரியான விஷயங்கள்தான் விரிவாக இருக்கின்றன. எங்களுக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம்: எந்தப் பரிசோதனையையும் நாங்கள் மறுப்பதில்லை. இடைவெளிக்குள் திரும்ப வந்தால் டொக்டருக்குப் போன் எடுத்து, "டொக்டர், போன மாதம் 14ஆம் திகதி செய்த றிப்போர்ட் இருக்குது, அதை அனுப்பவா, புதிதாகச் செய்யவா" என்று கேட்போம். பெரும்பாலும் அனுப்பச் சொல்லுவார்கள். பழைய றிப்போர்ட் எங்கோ ஒரு பொலித்தீன் பைக்குள் மடங்கிக் கிடக்கிறது, நோயாளி கொண்டுவரவில்லை, அதனால் திரும்ப எழுதியிருக்கிறார், விஷயம் அவ்வளவுதான். சில டொக்டர்மார் "இல்லை, எனக்குப் புதிது வேண்டும்" என்பார்கள். சரி, செய்துகொடுப்போம், ஏன் என்று கேட்பது எங்கள் வேலையில்லை.

ஒரு குத்து, ஒரு ரியூப்

அடுத்தது ரியூப்கள். நீரிழிவுக்காரர் ஒருவர் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறார் என்று வையுங்கள். எப்.பி.சி.க்கு ஒரு ஊதா மூடி, எச்.பி.ஏ.1.சீ.க்கு இன்னொரு ஊதா மூடி, சிறுநீரகம் பார்க்கும் கிரியேற்றினினுக்கு ஒரு சிவப்பு, கொழுப்புப் பார்க்கும் லிப்பிட்டுக்கு இன்னொரு சிவப்பு, சீனிக்கு சாம்பல் மூடி. இப்படித்தான் முன்பு எடுத்தார்கள், ஏனென்றால் எங்கள் கணினி ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி லேபல் அச்சடித்துத் தள்ளியது, லேபல் எத்தனையோ ரியூப் அத்தனை. உண்மையில் எப்.பி.சி.யும் எச்.பி.ஏ.1.சீ.யும் ஒரே ஊதா ரியூப்பில் முடியும். கிரியேற்றினின், லிப்பிட், ஈரல், சீ.ஆர்.பி., ரீ.எஸ்.எச். எல்லாம் ஒரே சிவப்பு ரியூப்பின் சீரத்தில் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) முடியும். ஒரு ரியூப்பில் இரண்டு மூன்று மில்லிலீற்றர் எடுக்கிறோம், பல எப்.பி.சி. மெஷின்கள் அதில் ஒரு சில துளி அளவுகூட உறிஞ்சுவதில்லை, மிச்சம் முழுவதும் நேரே கழிவுக்குப் போகிறது. கனடாவின் 25 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சிறிய அளவு ரியூப்களை வைத்துச் செய்து 2023இல் வெளியிட்ட பெரிய சோதனையில், பரிசோதனைக்கு இரத்தம் போதாமல் போனது மிக அரிதாகவே நடந்தது. தலசீமியாவோ சிறுநீரகக் கோளாறோ உள்ள, ஏற்கெனவே இரத்தம் குறைந்த ஒருவருக்கு நாங்கள் தேவையில்லாமல் உறிஞ்சும் ஒவ்வொரு மில்லிலீற்றரும் சும்மா போகிற விஷயமா?

லேபல் அச்சிடும் முறையை மாற்ற கணினிக்காரத் தம்பி ஒரு பின்னேரம் இருந்து செய்துகொடுத்தார். இந்த முழு ஆய்விலும் மிகக் குறைந்த செலவில் மிகக் கூடுதலான பலன் தந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். செலவு அந்தத் தம்பியின் தேத்தண்ணியும் வடையும்.

இதோடு சேர்த்து, பின்னால் சேர்க்கும் பரிசோதனைகளுக்கும் ஓர் ஒழுங்கு வைத்தோம். பிரித்தெடுத்த சீரத்தை மூடி பிறிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் அடுக்கி வைக்கிறோம். காலையில் கிரியேற்றினின் செய்தவருக்கு டொக்டர் பின்னேரம் சீ.ஆர்.பி. கேட்டால் திரும்பக் கூப்பிட்டுக் குத்தத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் இது சரிவராது. பிரிக்காத இரத்தத்தில் சீனி மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துகொண்டு போகும். பிரிக்காத இரத்தத்தைக் குளிரில் வைத்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஆகவே எதைச் சேர்க்கலாம், எத்தனை நாளுக்குள், எதைச் சேர்க்கவே கூடாது என்று பிறிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். சூழலைக் காப்பாற்றப் போய்ப் பிழையான பொட்டாசியம் றிப்போர்ட் கொடுத்து ஒருவரை இரவோடு இரவாக வார்ட்டில் ஏற்றினால், ஒரு ரியூப்பில் மிச்சம் பிடித்தது பல மடங்காக வெளியே போய்விடும்.

டெங்குவில் கை வைக்கவில்லை

தேவையில்லாத பரிசோதனையைக் குறைப்போம் என்றதும் சிலர் எங்கள் லாப்பில் அதிகம் செய்யும் பரிசோதனையைத்தான் முதலில் காட்டினார்கள்: டெங்கு காலத்து எப்.பி.சி. ஒரே பிள்ளைக்கு இன்று, நாளை, நாளை மறுநாள் என்று வந்துகொண்டே இருக்கும். இதைக் குறைக்கலாமே?

கூடாது. 2017இல் நாடு முழுக்க 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவான வருடத்தில் கிண்ணியாவும் திருகோணமலையும் பட்ட பாடு இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். டெங்குவில் ஆபத்து வருவது பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான். பிளேட்லெட் இறங்குவதையும், இரத்த நாளத்திலிருந்து நீர் கசிவதால் ஹீமற்றோக்கிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவதையும் பிடிக்க வேண்டுமென்றால் திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஹீமற்றோக்கிரிட் முன்பு இருந்ததை விட 20 சதவீதம் ஏறினால் கசிவுக்கு அறிகுறி என்கிறபோது, "முன்பு இருந்தது" என்ன என்று தெரிய ஒரு முந்தைய எப்.பி.சி. வேண்டும்தானே. நிபுணரின் விதிப் பக்கத்தில் இதை முதல் வரியாகவே எழுதச் சொன்னோம்: காய்ச்சல் நோயாளியின் மீள் எப்.பி.சி.யைப் பற்றி யாரும் போன் எடுத்துக் கேட்கக் கூடாது. டெங்கு என்று தெரிந்த பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் எப்.பி.சி.யோடு ஒட்டிக்கொண்டு வந்த ஈ.எஸ்.ஆர்.தான் வீண், படிவம் மாறியதும் அது தானாகவே கழன்றது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, டொலர் இல்லாததால் ரீஏஜன்ட் வரவில்லை, ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. அப்போதும் பரிசோதனைகள் குறைந்தன. கழிவும் குறைந்தது. அதை யாராவது சூழலுக்குக் கிடைத்த நன்மை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேண்டியவருக்கும் இல்லை, வேண்டாதவருக்கும் இல்லை என்ற நிலை அது. நாங்கள் தேடுவது அதற்கு நேர் எதிரானது: வேண்டியவருக்கு உடனே, வேண்டாததை எவருக்கும் இல்லாமல்.

மோட்டார் சைக்கிள்

மெல்பேர்ன் கணக்கில் எங்களுக்குப் பயன்படாத ஓர் இடம் உண்டு, அது பாதை. எங்களுக்குக் கிண்ணியாவிலிருந்து நகருக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு இந்த ஓட்டம் எவ்வளவோ லேசாகிவிட்டது, அதற்கு முன்பு படகுப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். லேசானதால் ஓட்டமும் கூடிவிட்டது. இரத்தம் எடுத்துவரும் நானா ஒரு நாள் சொன்னார், "மிஸ், ரெண்டு ரியூப்புக்கு இவ்வளவு தூரம் ஓடுறதுக்கு பெற்றோலாலேயே கழுவி ஊத்தலாம்." அவர் சலிப்பில் சொன்னதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொக்சைட்டு. போய்வர 40 கிலோமீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் செலவாகும். 116 கிராம் வீதம் பார்த்தால் அந்த ஒரு ஓட்டம் ஏறக்குறைய இருபது எப்.பி.சி.க்குச் சமம். இரண்டு ரியூப்புக்காக!

புல்மோட்டை இன்னும் மோசம், ஒரு வழி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்தில் இரண்டாவது சிக்கலும் இருக்கிறது. ஆனி ஆடி வெயிலில், மேடு பள்ளத்தில் குலுங்கி வரும் பிரிக்காத இரத்தம் உடைந்து சிவந்துபோய் வரும். சிவந்த சீரத்தில் பொட்டாசியம் பார்க்க முடியாது, நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டுத் திரும்பக் குத்தி, திரும்ப ஒரு ஓட்டம். சுமை எங்கே கூடுதலோ அந்தப் பகுதியையே இரண்டு தரம் செய்கிறோம், அதோடு புல்மோட்டையிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும் போய்விடும்.

செய்தது இரண்டு. தூரத்து நிலையங்களுக்கு, இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சின்ன சென்றிபியூஜ் வாங்கிக் கொடுத்தோம், அங்கேயே சீரத்தைப் பிரித்து, ஐஸ் பைக்கட் வைத்த பெட்டியில் அனுப்புகிறார்கள். ஓட்டத்தை நேரத்துக்குக் கட்டினோம்: காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, டெங்குவும் அவசரமும் எப்போது வந்தாலும் உடனே. மூதூர் ரியூப்கள் கிண்ணியாவில் வந்து சேர, நானா இரண்டையும் ஒன்றாக எடுத்து வருகிறார். முன்பு "உடனே றிப்போர்ட்" என்று விளம்பரம் செய்ததால் முதல் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. தைரொயிட் றிப்போர்ட் பின்னேரம் வருவதற்குப் பதிலாக அடுத்த நாள் காலை வந்தால் எவருக்கும் ஒன்றும் ஆகாது என்று வந்தவர்களிடம் இருந்து விளக்கிச் சொன்னோம், கேட்டார்கள்.

சைலீன்

காபன் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் எங்கள் லாப்பின் மிக அபாயமான மூலையை நாங்கள் தவறவிட்டிருப்போம். பின்பக்கத் திசு அறைதான் அது. அளவில் சின்னது, கிராம் கணக்கில் அது தெரியவே தெரியாது.

திசுத் துண்டைப் போர்மலினில் பதப்படுத்தி, அற்ககோலில் நீரை எடுத்து, சைலீனில் தெளிவாக்கி, மெழுகில் பதித்து வெட்டுகிறோம். போர்மலினில் உள்ள போர்மல்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐ.ஏ.ஆர்.சி. வகைப்படுத்தியிருக்கிறது. சைலீன் தீப்பற்றும், மூச்சில் போனால் தலை சுற்றும், நீரில் கலக்காமல் மேலே மிதக்கும். பல சின்ன லாப்களில் பாவித்த சைலீன் எங்கே போகிறது என்று கேட்டால் எல்லாரும் கைகழுவும் பேசினைப் பார்ப்பார்கள். எங்கள் கட்டடத்தின் பேசின் தண்ணீர் நிலத்தில் வெட்டிய உறிஞ்சுகுழிக்குப் போகிறது. கடற்கரை ஊர், மணல் நிலம், பக்கத்து வளவுகளில் கிணறு. ஒரு போத்தல் சைலீனை ஊற்றினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் அளவைக் குறைத்தோம். முன்பு சனிக்கிழமை தோறும், துண்டு வந்ததோ வரவில்லையோ, எல்லாச் சைலீன் சாடிகளையும் கொட்டிப் புதிதாக நிரப்புவார்கள். இப்போது எத்தனை துண்டு போனது என்று எண்ணி, அழுக்குக் கூடிய முதல் சாடியை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டாவதை முதலாவது இடத்துக்கும் மூன்றாவதை இரண்டாவது இடத்துக்கும் நகர்த்தி, கடைசியில்தான் புதியதை வைக்கிறோம். துண்டின் தரத்தில் நிபுணர் எந்த வித்தியாசமும் சொல்லவில்லை. மெழுகு கரைந்த சைலீனைத் தனியாகப் பிடிக்கிறோம். போர்மலினிலும் அப்படித்தான்: அரிசி அளவு பயொப்சிக்கு (உடலிலிருந்து வெட்டி எடுத்த திசுத் துண்டு) அரை லீற்றர்ச் சாடி எதற்கு, துண்டின் பருமனைப் போல் பத்து மடங்கு போதும், ஆகவே டொக்டர்மாருக்குச் சின்னச் சாடிகளை நிரப்பியே அனுப்புகிறோம்.

சாடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. குடல் பயொப்சியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கணக்கிட்டு அமெரிக்காவில் 2021இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே சாடியில் வந்தால் காபனீரொக்சைட்டுக் கணக்கில் 0.29 கிலோ, மூன்று சாடியில் வந்தால் 0.79 கிலோ என்று வந்தது. அதற்காக எல்லாவற்றையும் ஒரு சாடியில் போடச் சொல்ல முடியாது. எந்த இடத்துத் துண்டு எது என்று தெரியாவிட்டால் நோயைச் சொல்வதே பிழைத்துவிடும். ஒரே இடத்திலிருந்து எடுத்த துண்டுகளுக்கு மட்டும் ஒரு சாடி என்று நிபுணரும் எண்டொஸ்கொபி செய்பவரும் பேசி முடிவெடுத்தார்கள்.

மிச்சமாகும் சைலீனையும் போர்மலினையும் அடைத்த கேன்களில் சேர்க்கிறோம். இதைக் கண்டவரிடம் கொடுக்க முடியாது. 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி இப்படியான கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்தான் எடுக்க வேண்டும். நாட்டில் இந்த வகைக் கரைப்பானை முறையாக எரிக்கும் இடம் புத்தளம் பக்கத்துச் சீமெந்துச் சூளை. அந்த வெப்பத்தில் கரைப்பான் முழுவதுமாக எரிந்து எரிபொருளுக்குப் பதிலாகவும் பயன்படுகிறது. ஆனால் அது தீவின் மறுகரை. நாலைந்து கேனுக்கு ஒரு லொறி குறுக்கே ஓடி வராது. வடித்துச் சுத்தம் செய்து திரும்பப் பாவிக்கும் மெஷினைப் பற்றியும் யோசித்தோம், விலையும் தீ அபாயமும் எங்கள் அளவுக்குப் பொருந்தவில்லை.

மற்றவை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. 18இல் இருந்தது, மெஷின் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அது 30 பாகை வரை வேலை செய்யும் என்று போட்டிருக்கிறது, இப்போது 25இல் ஓடுகிறது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லீற்றர் சுத்த நீருக்கு இரண்டு மூன்று லீற்றரை வெளியே தள்ளும். கந்தளாய்க் குளத்திலிருந்து அவ்வளவு தூரம் குழாயில் வந்த தண்ணீர் அது, தாங்கியில் பிடித்துக் கழிவறைக்கும் தரை கழுவவும் பாவிக்கிறோம். ரீஏஜன்ட்டில் பெரிய கிட் மலிவு என்று வாங்கி, திறந்த பிறகு பாதியில் காலாவதியாகிக் கொட்டுவதை நிறுத்தி, மாதத்தில் ஒன்றிரண்டு மட்டும் வரும் பரிசோதனைகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் ஓட்டுகிறோம். கிருமிக் கழிவில் குளோரினை ஊற்றிவிட்டு அதையே ஒட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் பெட்டி) வைக்கும் பழக்கமும் நின்றது, அறை முழுக்க குளோரின் ஆவி பரவியதுதான் அதனால் கிடைத்த பலன், 121 பாகையில் வைத்தால் அதுவே போதும்.

மஞ்சள் பையில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். சுகாதாரக் கழிவில் 85 சதவீதம் அளவு சாதாரணக் குப்பைதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் மஞ்சள் பைக்குள் கையுறைப் பெட்டி, ரியூப் வந்த அட்டைப் பெட்டி, சாப்பாட்டுச் சுற்றுத்தாள் எல்லாம் கிடந்தன. எடைக்குக் காசு கொடுத்து அட்டையை எரித்துக்கொண்டிருந்தோம். பிரித்துப் போட்டபோது இன்னொரு பிரச்சினை வந்தது. இந்த ஊரில் குப்பைப் பையை வாசலில் வைத்தால் மாநகரசபை வண்டிக்கு முன்னால் புள்ளிமான் வந்துவிடும். வயிற்றில் பொலித்தீனோடு மான்கள் செத்துக் கிடந்த செய்தி எங்களுக்குப் புதிதில்லை. ஆகவே சாதாரணக் குப்பைக்கு மூடியுள்ள தொட்டி, வண்டி வரும் நேரத்தில்தான் வெளியே. சாப்பாட்டுச் சுற்றுத்தாளை நிறுத்தி எல்லாரும் பெட்டியில் கொண்டுவருகிறோம், இதைச் செய்யச் சொன்னவர் எங்கள் துப்புரவு அக்கா.

மாறாமல் நிற்பது

முழு உடல் பரிசோதனைப் பக்கேஜ். இருபது முப்பது பரிசோதனைகள், ஒரு விலை, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் கழிவு விலை. எந்த நோய்க்குறியும் இல்லாத ஒருவருக்கு இத்தனையையும் ஒன்றாகச் செய்தால் ஒன்றிரண்டு எல்லைக்கு வெளியே போவது இயல்பு, ஏனென்றால் சாதாரண அளவு என்று நாங்கள் அச்சடிக்கும் எல்லை ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தை உள்ளடக்குமாறு போட்டது. இருபது பரிசோதனைக்கு ஒன்று சும்மாவே வெளியே விழும். அந்த ஒன்றைப் பார்த்துப் பயந்து ஸ்கேன், திரும்பப் பரிசோதனை, கொழும்புக்கு ஒரு பயணம். படிவத்திலும் ரியூப்பிலும் நாங்கள் மிச்சம் பிடித்ததில் கணிசமான பங்கு இதில் போகிறது.

இதை நான் உரிமையாளரிடம் நேரே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "பிள்ளை, நான் நிப்பாட்டினால் அடுத்த தெருவில இருக்கிறவர் செய்வார், சம்பளம் குடுக்கிறது எப்படி" என்றார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, பரிசோதனைக்கு இவ்வளவு என்று காசு வரும் ஒரு தொழிலில் பரிசோதனையைக் குறை என்பது லேசான கேட்பு இல்லை. ஆனால் அது மட்டும் உண்மையல்ல என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். இப்போதைக்கு ஒத்துக்கொண்டது இதுதான்: பக்கேஜை வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் ஏற்ற மாதிரி சின்னதாகப் பிரிப்பது, முப்பது பரிசோதனைப் பக்கேஜுக்குக் கழிவு விலை விளம்பரம் போடாமல் விடுவது. சிறுநீரக நோய் கூடுதலாக உள்ள பதவி சிறிபுர, கோமரங்கடவெல பக்கமிருந்து வருபவர்களுக்குச் சிறுநீரகப் பரிசோதனை கட்டாயம் தேவைப்படும், அதை அப்படியே விட்டிருக்கிறோம். விலைப்பட்டியல் அடுத்த அச்சுக்குப் போகும்போது இது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சோலரும் வருகிறது, மேற்கோள் விலை வாங்கியாயிற்று. சைலீன் கேன்கள் பின்பக்க அறையில் காற்றோட்டமுள்ள இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கின்றன. மாவட்டத்தில் திசு வேலை செய்யும் மற்ற லாப்களோடு சேர்ந்து ஒரு லொறிக்கு வேண்டிய அளவு சேர்த்து ஒரே நாளில் அனுப்புவோம் என்று பேசத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு இடங்களில் சம்மதம், ஓர் இடத்தில் "எங்களிடம் அப்படிக் கழிவே இல்லை" என்ற பதில். அங்கே மாதத்துக்கு எத்தனை போத்தல் சைலீன் வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.